முதலுதவிப் பெட்டியும் மலைப்பயணமும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு, நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஒரு பள்ளியிலிருந்து 40 மாணவர்கள் அங்கே சுற்றுலா செல்வதாகக் கொள்ளலாம். அருவிக்கரையில், பாசி படிந்த பாறையில் ஒருவர் வழுக்கி விழுகிறார்; முழங்காலில் ஆழமான வெட்டு. முதலுதவிப் பெட்டி இருக்கிறது. ஆனால், அது மேலே நிற்கும் பேருந்தில் இருக்கிறது. காயத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஆயிரம் படிகள். குருதியோ அதுவரை காத்திருப்பதில்லை.

மருத்துவரிடம் சேரும்வரை உயிரைக் காப்பதும், நிலைமை மேலும் மோசமாகாமல் தடுப்பதுமே முதலுதவி. மருத்துவர் தொலைவில் இருப்பதால்தான் பெட்டியின் தேவை எழுகிறது. அதன் வரலாறும் அங்கேயே தொடங்குகிறது. அமெரிக்காவில் இருப்புப்பாதைத் தொழிலாளர்கள், மருத்துவமனைகளுக்கு வெகுதொலைவில் விபத்துகளுக்கு உள்ளாயினர். அவர்களுக்கென ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 1888ஆம் ஆண்டு முதலுதவிப் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவி பிறர் உதவியின்றித் தாமே கட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும் என எண்ணினார். 1920இல் ஒட்டுநாடாவின் நடுவே வலைத்துணித் துண்டை வைத்து அவர் செய்ததே, இன்று பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பிளாஸ்திரியின் முன்னோடி.

பெட்டியில் எதை வைப்பது என்பதைக் கடைக்காரரின் பட்டியல் முடிவு செய்யக் கூடாது. எங்கே செல்கிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள், மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்னும் வினாக்களே முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 அவசர ஊர்தி இயங்குகிறது. ஆனால், சாலை முடியும் இடத்தில் ஊர்தியும் நின்றுவிடும். காட்டுப்பாதையில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் என்றும் உறுதியில்லை. அந்த இடைவெளிக்குத் தேவையானவையே பெட்டிக்குள் வர வேண்டியவை.

முதலிடம் குருதிப்போக்கை நிறுத்தும் பொருள்களுக்கு உரியது. நுண்ணுயிர் நீக்கி, உறையிலிட்டு மூடப்பட்ட காஸ் எனப்படும் வலைத்துணிப் பொட்டலங்கள் தாராளமாக வேண்டும். கையுறை அணிந்துகொண்டு, வலைத்துணியைக் காயத்தின்மீது வைத்துக் குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். ஒரே காயத்துக்கு நான்கைந்து பொட்டலங்கள் செலவாவது இதனால்தான். பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பிய காயத்தைத் தூய்மைப்படுத்துவதிலேயே மருத்துவருக்குப் பாதி நேரம் போய்விடும். சிறு சிராய்ப்பைக் குடிநீரால் நன்கு கழுவினாலே பெரும்பாலும் போதும்; அதன்பின் போவிடோன் அயோடின் சிறிது தடவலாம்.

அடுத்தது முக்கோணக் கட்டுத்துணி. ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமுள்ள தூய பருத்தித் துணியை மூலைவிட்டமாக வெட்டினால் இரண்டு கிடைக்கும். பழைய வேட்டியே போதுமானது. அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடவும், எலும்பு முறிந்த இடத்தை மரப்பட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டவும், தலைக்காயத்தின் மேல் வைத்த வலைத்துணி நழுவாமல் பிடிக்கவும் அது உதவும். பெட்டியிலேயே மிக மலிவான பொருளும் மிகப் பலவகையில் பயன்படும் பொருளும் அதுவாகத்தான் இருக்கும். படிகளில் கணுக்கால் பிசகினால் நீட்சியுள்ள கிரேப் கட்டுத்துணி தேவை. கட்டியபின் கால்விரல்கள் நீலம்பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே தளர்த்த வேண்டும்.

எழுபது வளைவுகளைக் கடக்கும் பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் இருப்பார்கள். வெயிலில் நடந்து சோர்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குரியது ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்காள ஏதிலியர் முகாம்களில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்புவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்றைய பொட்டலத்தில் இருப்பவை குளுக்கோசு, சமையல் உப்பு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் உப்பு ஆகியவையே. குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படும்போது சோடியமும் உடன் செல்கிறது; அவற்றைத் தொடர்ந்து நீர் செல்கிறது. அளவு பிசகினால் பயன் கெடும். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லி லிட்டருக்கான பொட்டலமும் கடைகளில் அருகருகே இருக்கும். பெரிய பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுப்பது தீங்காகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

முள்ளெடுக்க முள்வாங்கி, கத்தரிக்கோல், ஊக்குகள், வெப்பமானி, கைவிளக்கு, ஊதல் ஆகியவை சிறு இடத்தில் அடங்கிவிடும். வால்பாறை போன்ற மழைக்காடுகளில் அட்டைகள் ஏறும். உப்பையோ நெருப்பையோ நாடினால், அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கக்கூடும். அதன் வாய்ப்பகுதியை நகத்தால் மெல்ல நெம்பித் தள்ளுவதே நன்று. குருதி உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்தியிருப்பதால் சிறிது நேரம் குருதி கசியும், அஞ்ச வேண்டியதில்லை. தேனீ கொட்டிய பின் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றினால் அஞ்சத்தான் வேண்டும். தாமதமின்றி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவையும் உண்டு. பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளலாமே எனச் சிலர் எண்ணுவர். அம்மருந்து நரம்புவழியே ஏற்றப்படுவது. கடும் ஒவ்வாமையையும் தோற்றுவிக்கக்கூடியது. எனவே, அது மருத்துவமனைக்கே உரியது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் கட்டி, மோதிரம், கடிகாரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு தூக்கிச் செல்ல வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்குவதும் கேடு தருவன. நோய் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் பொதுப் பெட்டிக்கு உரியவை அல்ல. மூச்சிரைப்பு உள்ள மாணவர் தம் மூச்சுமருந்துக் குழலைத் தம்முடனேயே வைத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் பெற்றோரின் தொடர்பு எண்ணையும் எழுதிய தாள், நீர் புகாத உறையில் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

அடுக்கும் முறையும் முக்கியம். குருதி வடியும்போது பெட்டியைக் கவிழ்த்துத் தேடும் நிலை வரக் கூடாது. கையுறையும் வலைத்துணியும் மேலே, வெப்பமானி கீழே. உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைகளில் வகை பிரித்து வைத்தால் மழையிலும் கெடாது. 40 பேர் கொண்ட குழு ஒரே இடத்தில் நடக்காது. ஆகவே, முன்னால் செல்பவரிடம் ஒரு சிறிய பையும் கடைசியில் வருபவரிடம் பெரிய பையும் இருப்பது அறிவுடைமை. பெட்டியின்மேல் செஞ்சிலுவை வரையும் வழக்கம் பரவலாக உள்ளது. அச்சின்னம் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தால் காக்கப்பட்டது; பிறர் அதைப் பயன்படுத்தக் கூடாது. முதலுதவிக்கான பன்னாட்டுக் குறி பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை.

இத்தனையும் செய்த பெட்டி, முதல் பயணம் முடிந்து திரும்பும்போதே பழுதாகத் தொடங்குகிறது. பல பேருந்துகளில் ஓட்டுநர் தலைக்குமேல் உள்ள முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் சீப்பும் பழைய பயணச்சீட்டுக் கட்டும் கிடைப்பதுண்டு. தொடக்கத்தில் அவையும் நிறைந்தே இருந்திருக்கும். எடுத்ததைத் திரும்ப வைக்காததால் வெறுமையானவை அவை. வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும் வேறுபாடு தெரியாது. பெட்டி இருக்கிறது என்னும் நம்பிக்கையில் எவரும் வேறு ஏற்பாடு செய்வதுமில்லை. பெட்டியே இல்லாத குழு இவ்வகையில் சற்று மேலானது. அது தன் குறையையாவது அறிந்திருக்கும்.

இதற்குரிய ஏற்பாடு எளியது. மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்படும். பொருள், எண்ணிக்கை, காலாவதி மாதம் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். அருகில் நூலில் கட்டிய பென்சில். எதை எடுத்தாலும் எடுத்தவர் அப்போதே ஒரு கோடு இட வேண்டும். திரும்பிவந்த மறுநாளே கோடுகளைப் பார்த்து நிரப்ப வேண்டும். அடுத்த பயணத்தின் முந்தைய இரவு வரை தள்ளிப்போட்டால், அந்நேரத்தில் கடை மூடியிருக்கும். மாத்திரைகளைப் பட்டையாகவே வாங்க வேண்டும். நான்கு மாத்திரை போதுமென வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதி மாதமும் கடையிலேயே தங்கிவிடும்.

பயணம் இல்லாத மாதங்களிலும் பெட்டிக்குள் மாற்றங்கள் நிகழும். வெப்பத்தில் பிளாஸ்திரியின் பசை இளகி உறையோடு ஒட்டும், கையுறை நொறுங்கும், கைவிளக்கில் விட்டுவைத்த மின்கலம் கசிந்து உலோகத்தை அரிக்கும். ஆதலால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். காலாவதியை நெருங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை விளையாட்டு விழாவில் பயன்படுத்திவிட்டுப் புதியவற்றை வைக்கலாம். உறை கிழிந்த வலைத்துணியைத் துடைக்கப் பயன்படுத்தலாம், காயத்துக்கு ஆகாது. மின்கலங்களைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பெட்டியை வெயில் படாத இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில் பூட்டாமல் வைக்க வேண்டும். பூட்டியே ஆக வேண்டுமெனில், சாவி யாரிடம் உள்ளது என்பது பெட்டியின்மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.