குப்பைமேட்டில் கிடைத்த சாவி... துரத்தும் போலீஸ்! மூன்று சிறுவர்களின் திக் திக் ஓட்டம்

ஒரு தோல் பை. உள்ளே ஒரு பர்ஸ், மடித்த ஒரு மேப், ஒரு சாவி. குப்பை கிளறிப் பிழைக்கும் ரஃபேல் கையில் அது சிக்கிய அன்று மாலையே போலீஸ் வந்து நிற்கிறது. ‘பையைக் கொடுத்தால் பணம்’ என்கிறார்கள். கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ‘எனக்குக் கிடைத்தது ஒரு ஷூதான்’ என்று பொய் சொல்லிவிடுகிறான் ரஃபேல்!

ஆண்டி முல்லிகன் எழுதி 2010-ல் வெளியான ‘ட்ராஷ்’ நாவல் இப்படித்தான் பற்றிக்கொள்கிறது. இரண்டே ராத்திரியில் மொபைலில் படித்து முடித்தேன். அடுத்த நாள் ஷிஃப்ட்டுக்கு லேட் என்பது தனிக்கதை.

ஊருக்குப் பெயர் சொல்லவில்லை. ஆனால், புழங்குவது பெசோ. முல்லிகன் பிலிப்பைன்ஸில் ஆசிரியராக வேலை பார்த்தவர். மணிலாவில் பார்த்த குப்பைமேடுதான் நாவலில் ‘பெஹாலா’ ஆகியிருக்கிறது. ஊரில் பலருக்குக் கழிப்பறை கிடையாது. அதனால், பிரிக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன இருக்குமோ என்ற பயத்தோடுதான் பிள்ளைகளுக்குப் பொழுது விடிகிறது. முதல் பக்கத்திலேயே இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான் ரஃபேல். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. மணிலாவை ஒட்டிய பயாடாஸில் 2000 ஜூலை 10 அன்று, தொடர் மழையில் குப்பை மலையே சரிந்து குடிசைகள் மேல் விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் பலி.

ரஃபேலின் கூட்டாளிகள் இருவர். அளந்து பேசும் கார்டோ. பழைய மெஷினுக்கு அடியில் எலிகளோடு குடியிருக்கும் ஜுன்-ஜுன். அதனாலேயே அவனுக்கு ‘எலி’ என்று பட்டப்பெயர். சாவி எந்த லாக்கருடையது என்று கண்டுபிடிப்பது அந்த ‘எலி’தான். அங்கிருந்து நூல் பிடித்துப் போனால் ஜெயிலில் ஒரு முதியவர், செனட்டர் ஒருவரின் மாளிகை, கல்லறைத் தோட்டம் என்று எங்கெங்கோ போகிறது. மிச்சம் சஸ்பென்ஸ்!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒலிவியா. பிள்ளைகளுக்கு உதவலாம் என்று வெளிநாட்டிலிருந்து வந்த இளம்பெண். ‘ஜெயிலில் இருக்கும் தாத்தாவைப் பார்க்கணும்’ என்று கார்டோ அவரை நம்பவைத்து அழைத்துப் போகிறான். அது பொய். உதவ வந்தவரே மாட்டிக்கொள்கிறார். ஆனாலும் அவன்மேல் கோபம் வரவில்லை. பெரியவர்களிடம் உண்மையைச் சொன்னால் உயிர் பிழைப்போம் என்று அந்தப் பிள்ளைகள் நம்புவதற்கு, அந்த ஊர் ஒரு காரணம்கூடக் கொடுக்கவில்லையே!

ரஃபேலை போலீஸ் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு விசாரிக்கும் காட்சி ஒன்று வருகிறது. படிக்கவே கை நடுங்கும். பிரிட்டனின் ‘ப்ளூ பீட்டர்’ விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த நாவல், வன்முறையும் கெட்ட வார்த்தையும் இருப்பதாக நீக்கப்பட்டது. என்னைக் கேட்டால், அந்தக் காட்சி இல்லாவிட்டால் ரஃபேல் எதற்காக வாய் திறக்காமல் இருந்தான் என்பதன் மதிப்பே தெரியாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பெற்றோர் முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஸ்டீபன் டால்ட்ரி இயக்கத்தில் 2014-ல் இது படமாகவும் வந்தது. கதை பிரேசிலின் ரியோவுக்கு மாறிவிட்டது. சிறுவர்கள் மூவரின் நடிப்பு செம! ஆனால், நாவலில் ஆளுக்கொரு அத்தியாயமாக அவர்களே கதை சொல்வார்கள். அதிலும் ‘எலி’ பேசும் பக்கங்கள் வரும்போது போனைக் கீழே வைக்க மனசு வராது.