அமெரிக்கா சென்ற யப்பானியச் சீமாட்டி

விரைந்தோடும் யப்பானிய மோட்டார் வண்டி அமெரிக்கருக்கு ஏற்றதாகுமா? 1969ஆம் ஆண்டிலே நிசான் நிறுவனத்தார் வெளியிட்ட புதிய வண்டிக்குத் தாய்நாட்டில் இட்ட பெயர் 'ஃபெயர்லேடி'. அழகிய சீமாட்டி என்பது பொருள். வேகப்பிரியரான அமெரிக்க இளைஞர் இதைக் கேட்டால் நகைப்பரன்றோ?

அங்கே நிறுவனத்தை நடத்திய யூட்டாக்கா கட்டயாமா அப்பெயர்த் தகட்டைக் கழற்றுவித்து, '240 இசட்' என்று பொறிப்பித்தார். யப்பானிலே வரிக்கு அஞ்சிப் பெரும்பாலும் 2 லீற்றர் இயந்திரம். அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கோ 2.4 லீற்றர், 151 குதிரைவலு. அழகில் ஐரோப்பிய வண்டிகளுக்குச் சளைக்காத அதன் விலை ஏறக்குறைய 3,500 டொலர்தான். வாங்க வந்தோர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர்.

சந்தையை அறிந்த அம்மனிதரை நிறுவனம் 1977இல் தாயகத்துக்குத் திருப்பியழைத்துக்கொண்டது. அவர் பெயரை 1998இல் தன் புகழ்மண்டபத்தில் ஏற்றியது அமெரிக்க மோட்டார் உலகமே.