ஊர்தியும் ஓவியமும்: ஒளிப்பட நடப்பியல் நோக்கில் காஞ்சிபுரம் சார்ந்த காட்சிக்கலை மரபுகள்

ஆய்வுச்சுருக்கம்

கார், மோட்டார் சைக்கிள் முதலிய ஊர்திகளை ஒளிப்படத்திற்கு நிகரான நுட்பத்துடன் வரைவது 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஒளிப்பட நடப்பியலின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாகும். அவ்வோவியங்களின் செய்முறையை இரு கூறுகளாகப் பகுத்து இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்று பளபளப்பை உருவாக்கும் முறை. மற்றொன்று ஒளிப்படத்தைத் திரைக்கு மாற்றும் கட்டமுறை. இவ்விரண்டும் காஞ்சிபுரத்தின் பட்டுநெசவு, கோயில் வாகனங்கள், தமிழகத்தின் பேனர் ஓவியம் ஆகியவற்றில் எவ்வாறு அமைகின்றன என்பது ஒப்பிடப்படுகிறது. ஒப்பீட்டின் வழி, கைத்திறன் ‘கலை’ என ஏற்கப்படுவதற்கான அளவுகோல்கள் செய்முறையை மட்டும் சார்ந்தவை அல்ல என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட நடப்பியல், ஊர்தி, வாகனம், ஜரிகை, கட்டமுறை, பேனர் ஓவியம், காஞ்சிபுரம்.

முன்னுரை

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற நகரம். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் இன்று ஊர்தி உற்பத்திக்கும் பெயர் பெற்றுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இயங்கத் தொடங்கின. உற்சவ மூர்த்தி எழுந்தருளும் வாகனமும் ஏற்றுமதிக்குச் செல்லும் வாகனமும் ஒரே மாவட்டத்தின் சாலைகளில் செல்கின்றன.

இவ்விரு பொருள்களையும் ‘வாகனம்’ என்னும் ஒரே சொல் குறிப்பதை மட்டும் கொண்டு அவற்றை இணைத்துவிட இயலாது. கோயில் வாகனம் ஒரு தெய்வத்தின் அடையாளம். அதன் வடிவம் மரபால் வரையறுக்கப்பட்டது. தொழிற்சாலை ஊர்தி விலைக்கு வாங்கப்படும் நுகர்பொருள். எனவே பெயரொற்றுமையை விடுத்து, ஊர்தியின் உருவத்தையும் அதன் மேற்பரப்பையும் ஆக்கும் செய்முறைகளை ஒப்பிடுவதே பயனுடையது. அந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

ஒளிப்பட நடப்பியலும் ஊர்தியும்

‘போட்டோரியலிசம்’ என வழங்கும் ஒளிப்பட நடப்பியல் என்னும் பெயரை அமெரிக்கக் கலைக்கூட உரிமையாளர் லூயி மைசல் 1960களின் இறுதியில் உருவாக்கினார். நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் 1970இல் நடத்திய ‘இருபத்திரண்டு நடப்பியலாளர்கள்’ கண்காட்சியும், ஜெர்மனியின் காசல் நகரில் 1972இல் நடந்த ஐந்தாம் டாக்குமெண்டா கண்காட்சியும் இவ்வியக்கத்தைப் பரவலாக அறியச் செய்தன.

இவ்வியக்கத்தினர் பலர் ஊர்திகளையே பாடுபொருளாக்கினர். ராபர்ட் பெக்டில் (1932–2020) வரைந்த ‘61 பாண்டியாக்’ (1968–69) மூன்று பலகைகளால் ஆனது. ஓவியரின் குடும்பம் தம் காரின் முன் நிற்பதைக் காட்டுவது. ரால்ஃப் கோயிங்ஸ் (1928–2016) பிக்கப் வண்டிகளையும் சாலையோர உணவகங்களையும் வரைந்தார். டாம் பிளாக்வெல், டேவிட் பாரிஷ் ஆகியோர் மோட்டார் சைக்கிள்களின் குரோமியப் பாகங்களை மிக அண்மைக் காட்சியாக வரைந்தனர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து அமெரிக்கா சென்ற ஜான் சால்ட் (1937–2021) புதிய கார்களை விடுத்து, நொறுங்கித் துருவேறிய கார்களைத் தேர்ந்தார்.

ஊர்தி இவ்வளவு முதன்மை பெற்றமைக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது சமூகவியல் சார்ந்தது. போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் அன்றாட வாழ்வில் வீட்டிற்கு அடுத்த உடைமை கார். இரண்டாவது ஓவியவியல் சார்ந்தது. குரோமியமும் மெருகூட்டப்பட்ட வண்ணப்பூச்சும் சுற்றுப்புறத்தை வளைத்துப் பிரதிபலிப்பவை. ஒரு காரின் பம்பரில் வானம், தெரு, எதிர்வீடு ஆகிய அனைத்தும் சிதைந்த வடிவில் அடங்கியிருக்கும். நகரும் கண்ணுக்கு அப்பிரதிபலிப்பு நிலைத்து நிற்பதில்லை. ஒளிப்படம் மட்டுமே அதை நிறுத்திக் காட்டும். எனவே ஒளிப்படத்தின் துணையின்றி இவ்வோவியங்களை வரைவது அரிது. ஊர்தியை வரைதல் என்பது இங்கு ஒளிப்படம் கண்ட ஊர்தியை வரைதலாகும்.

இந்தியச் சூழலில் ஊர்தி உருவங்கள்

இந்தியாவில் இயந்திர ஊர்தியின் உருவம் கலைக்கூடங்களுக்கு முன்பே சுவர்களிலும் கோயில்களிலும் இடம்பெற்றது. ராஜஸ்தானின் சேகாவதிப் பகுதியில் வணிகர்களின் மாளிகைச் சுவர்களில் தொடர்வண்டியும் காரும் வரையப்பட்டுள்ளன. திருச்சிராப்பள்ளி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் மிதிவண்டி ஓட்டும் மனிதனின் சிற்பம் ஒன்று உண்டு. பழங்காலத்திலேயே மிதிவண்டி இருந்ததற்குச் சான்றாக இது அவ்வப்போது காட்டப்படுகிறது. எனினும் அது 20ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது சேர்க்கப்பட்டது என்பதே ஆய்வாளர் விளக்கம். புதிதாக ஊருக்குள் வந்த பொருளைத் தன் காலத்தின் அடையாளமாகச் சிற்பி செதுக்கினார் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

தற்காலக் கலையில் இரு கலைஞர்களைக் குறிப்பிடலாம். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா (பி. 1964) ‘சாத் சமுந்தர் பார்’ என்னும் வரிசையில், வெளிநாட்டிலிருந்து திரும்பும் தொழிலாளர்களின் கயிறு கட்டிய மூட்டைகளையும் அவற்றைச் சுமக்கும் தள்ளுவண்டிகளையும் நடப்பியல் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவருடைய ‘எவ்ரிதிங் இஸ் இன்சைடு’ (2004) டாக்ஸியின் மேற்பகுதியையும் அதன்மீது வெண்கலத்தில் வார்த்த சுமைகளையும் கொண்டது. மும்பையைச் சேர்ந்த ஜிதிஷ் கல்லட் (பி. 1974) ‘ஆட்டோசாரஸ் டிரைபஸ்’ (2007) என்னும் படைப்பில் முழு அளவு ஆட்டோரிக்‌ஷாவை எலும்புக்கூடு போல ரெசினில் உருவாக்கினார்.

அமெரிக்க ஓவியங்களில் கார் ஓய்வில் நிற்கிறது. உரிமையாளரின் வீட்டு வாசலில் வெயிலில் மின்னுகிறது. இந்தியப் படைப்புகளில் ஊர்தி உழைக்கிறது, சுமக்கிறது, வாடகைக்கு ஓடுகிறது. முன்னதில் மேற்பரப்பின் ஒளி முதன்மை பெற, பின்னதில் சுமையின் எடை முதன்மை பெறுகிறது. குப்தாவும் கல்லட்டும் ஓவியத்திலிருந்து சிற்பத்திற்கு நகர்ந்தமையை இவ்வேறுபாட்டோடு இணைத்து நோக்கலாம். எடையைக் காட்டுவதற்குத் தட்டையான திரையைவிடப் பருப்பொருள் ஏற்றது.

பளபளப்பு: பொருளும் தோற்றமும்

ஒளிப்பட நடப்பியலின் மையச் சிக்கல் பளபளப்பு. திரையில் உலோகம் இல்லை. சாம்பல், நீலம், வெள்ளை வண்ணங்களின் அடுக்குகளே உள்ளன. இக்கருத்து புதியதன்று. இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், பொன்னை ஒட்டுவதைவிட வண்ணத்தால் பொன்னின் ஒளியைக் காட்டும் ஓவியரே பாராட்டுக்குரியவர் என வாதிட்டார். குரோமிய பம்பரை வரைந்தவர்கள் அவ்வழியின் தொலைதூர வாரிசுகள்.

தமிழக மரபு வேறு வழியில் சென்றது. தஞ்சாவூர் ஓவியத்தில் அணிகலன்கள் உண்மையான பொன் தகட்டால் ஒட்டப்படுகின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் கருட சேவை நிகழ்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி விழாவில் வெள்ளித்தேர் வலம் வருகிறது. மரத்தில் செதுக்கிய உருவின்மேல் உலோகத் தகடு போர்த்தப்படும்போது, தீவட்டியின் ஒளியும் மின்விளக்கின் ஒளியும் அதன்மேல் உண்மையாகவே அசைகின்றன. பட்டுச்சேலையின் ஜரிகையும் இத்தகையதே. சேலை மடியும்போது ஒளி இடம் மாறுகிறது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஒளிப்பட நடப்பியல் ஓவியத்தில் பிரதிபலிப்பு உறைந்து நிற்கிறது. பார்ப்பவர் நகர்ந்தாலும் அது மாறாது. வாகனத் தகட்டிலும் ஜரிகையிலும் பார்ப்பவரின் நகர்வே ஒளியை ஆக்குகிறது. முதலாவது கண்காட்சிச் சுவரின்முன் நின்று பார்ப்பதற்குரிய கலை. இரண்டாவது வீதியில் நகரும் கலை. நடப்பியலின் அளவுகோலால் மட்டும் தமிழக மரபுகளை மதிப்பிட்டால் அவை அழகூட்டல் எனத் தாழ்த்தப்படும். ஒளியை எவ்வாறு கையாளுகின்றன என்னும் அளவுகோலால் நோக்கினால், ஒரே சிக்கலுக்கான இரு தீர்வுகளாக அவை நிற்கும்.

கட்டமுறை: திரையும் தறியும்

ஒளிப்படத்தைப் பெரிய திரைக்கு மாற்ற இரு வழிகள் உண்டு. பெக்டில் தம் ஸ்லைடுகளைத் திரையில் ஒளிவீழ்த்திக் கோடுகளைப் பதித்துக்கொண்டார். மற்றொரு வழி, படத்திலும் திரையிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவது. சென்னையின் திரைப்பட பேனர் ஓவியர்கள் கையாண்ட வழக்கமான முறை இதுவே. கையளவு ஒளிப்படம் கட்டங்களின் வழியே பல அடி உயர உருவமாயிற்று.

காஞ்சிபுரத்தில் புட்டாவும் முந்தானைக் கோலமும் அமைக்கும் முறையும் கட்டத்தைச் சார்ந்தது. பழைய அடை முறையின் இடத்தை ஜக்கார்டு பெருமளவு பிடித்துக்கொண்டது. வடிவம் முதலில் கிராஃப் தாளில் வரையப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அதன்படி அட்டையில் துளையிடப்படுகிறது. துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலெழுகிறது; இல்லாத இடத்தில் எழுவதில்லை. ரவிவர்மாவின் இசைக்கலைஞர் குழு ஓவியத்தை நெய்து 2008இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட பட்டுச்சேலை, நடப்பியல் ஓவியத்தையும் இழைகளின் கணக்காக மாற்ற இயலும் என்பதைக் காட்டியது.

எனினும் இரு கட்டங்களும் ஒன்றல்ல. பேனரில் கட்டம் சாரம் போன்றது. வண்ணம் பூசியபின் மறைந்துவிடும். கட்டத்திற்குள் கோடு தடையின்றி வளையும். நெசவில் கட்டமே இறுதி அலகு. வளைகோடு சிறு படிகளாகவே அமையும். மயில், அன்னம், யாளி, கோபுரம் போன்ற சுருக்கப்பட்ட வடிவங்கள் காஞ்சிப் பட்டில் நிலைபெற்றமைக்கு மரபுப் பற்றோடு இத்தொழில்நுட்ப ஒழுங்கும் காரணமாகும். படிகளாக உடைத்தாலும் அடையாளம் இழக்காத உருவங்களே தறிக்கு ஏற்றவை.

விலக்கப்பட்ட கைகள்

மைசல் 1972இல் ஒளிப்பட நடப்பியலாளருக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்தார். தகவல் திரட்ட ஒளிப்படத்தைப் பயன்படுத்துதல். இயந்திர அல்லது பகுதி இயந்திர முறையில் அதைத் திரைக்கு மாற்றுதல். முடிந்த படைப்பு ஒளிப்படம் போலத் தோன்றச் செய்யும் திறன் ஆகிய மூன்றும் செய்முறை சார்ந்தவை. 1972க்குள் அவ்வகை ஓவியராகக் கண்காட்சியில் இடம்பெற்றிருத்தல். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இதற்கே உழைத்திருத்தல் ஆகிய இரண்டும் கலையுலக வாழ்வு சார்ந்தவை.

தமிழக பேனர் ஓவியருக்கு இவ்விலக்கணங்களைப் பொருத்தினால் முதல் இரண்டும் முழுமையாகப் பொருந்தும். மூன்றாவது ஓரளவே பொருந்தும். முகத்தில் இளஞ்சிவப்பும் நீலமும் கூட்டி, தொலைவிலிருந்து தெரியுமாறு மிகைப்படுத்துவது அவர்தம் பாணி. ஐந்தாவது கோரும் ஆண்டுக்கணக்கான உழைப்பு அவரிடம் உண்டு. நான்காவது ஒருபோதும் பொருந்தாது. அவருடைய படைப்பு வீதியில் நின்றது; படம் ஓடி முடிந்ததும் அகற்றப்பட்டது. ஆட்டோ கதையின் மையமாக அமைந்த ‘பாட்ஷா’ (1995) கைவரை பேனர்கள் வழக்கில் இருந்த காலத்தது. மோட்டார் சைக்கிளை மையமாகக் கொண்ட ‘பொல்லாதவன்’ (2007) அச்சிட்ட வினைல் பேனர்கள் பரவிவிட்ட காலத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தொழில் ஏறக்குறைய முடிவுற்றது.

பிற நாடுகளிலும் நம் நாட்டிலும் இவ்வெல்லை சில வேளைகளில் கடக்கப்பட்டுள்ளது. விளம்பரப் பலகை ஓவியராயிருந்த ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட், ஃபோர்டு காரின் முன்புறத்தைக் கொண்ட ‘ஐ லவ் யூ வித் மை ஃபோர்டு’ (1961) போன்ற படைப்புகளால் பாப் கலையின் முன்னோடியானார். எம்.எஃப். உசேன் மும்பையில் திரைப்பட விளம்பரப் பலகைகள் வரைந்தவர். டான் எடி தம் தந்தையின் கார்ப் பட்டறையில் கற்ற ஏர்பிரஷ் திறனையே பின்னர்த் திரையில் பயன்படுத்தினார். பட்டறைத் திறன் கலைத்திறனாக மாறியதற்கு இது தெளிவான சான்று.

இந்நோக்கில் இன்னொரு கைத்திறனையும் கருத வேண்டும். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் வரையும் வழக்கம் திருவொற்றியூர் ஆலைக்காலம் முதல் அந்நிறுவனத்தின் சிறப்பாகக் கருதப்படுகிறது. அங்கு ஊர்தியை வரைவதில்லை, ஊர்தியின்மேல் வரைகின்றனர். அக்கோட்டைத் தன் ஓவியத்தில் நகலெடுக்கும் நடப்பியல் ஓவியர் கலைஞர் எனப்படுகிறார்; மூலக்கோட்டை இட்டவர் தொழிலாளி எனப்படுகிறார்.

எஸ். இளையராஜாவின் (1979–2021) பெண்ணுருவ ஓவியங்களுக்குக் கிடைத்த பரந்த வரவேற்பு, நடப்பியல்பால் தமிழ் மக்களுக்குள்ள ஈடுபாட்டைக் காட்டுகிறது. ‘புகைப்படம் போலவே இருக்கிறது’ என்பது மக்களிடையே பாராட்டு. கலைவிமர்சனத்தில் அதுவே குறையாகவும் கூறப்படுவதுண்டு. இவ்விரு மதிப்பீடுகளும் எவ்வாறு வரையப்பட்டது என்னும் வினாவைக் கடந்துவிடுகின்றன.

முடிவுரை

ஊர்தி ஓவியங்களில் ஒளிப்பட நடப்பியல் எதிர்கொண்ட இரு சிக்கல்களும் காஞ்சிபுரம் அறிந்தவையே. பளபளப்பை வண்ணத்தால் தோற்றுவிப்பது அமெரிக்க ஓவியர் வழி. தகட்டாலும் ஜரிகையாலும் உண்மையாகவே ஒளிரச் செய்வது காஞ்சியின் வழி. கட்டம் பேனர் ஓவியருக்குச் சாரம், நெசவாளருக்கு அலகு. செய்முறை அளவில் பேனர் ஓவியரும் டேங்கில் கோடிடுபவரும் கலைஞர் வரிசைக்கு அண்மையில் நிற்கின்றனர். அவர்களை விலக்குவது கண்காட்சியில் இடம்பெறாமையே. எனவே தமிழகக் காட்சிக்கலை வரலாறு எழுதுவோர் கலைக்கூடப் பட்டியல்களோடு பட்டறை, தறிக்கூடம், பேனர்க் கூடம் ஆகியவற்றின் செய்முறைகளையும் ஆவணப்படுத்துவது இன்றியமையாதது. பேனர் ஓவியத்தில் இப்பணி காலந்தாழ்ந்து தொடங்கியது. அத்தொழில் அறிந்தோர் உள்ளபோதே அது நிறைவுற வேண்டும்.