பேச்சு நின்றால் அச்சம் பிறக்கும்

பள்ளியில் இரு தோழியர் ‘காய்’ விட்டுக்கொண்டால் என்ன நிகழும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பேச்சு நின்றுவிடுகிறது. ஒருத்தி சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று மற்றவள் எண்ணுகிறாள். இருவருக்கும் வேண்டிய ஒருத்தி நடுவே சென்று விசாரித்தால்தான் ‘பழம்’ விட வழி பிறக்கிறது. நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒரு நாடு தற்காப்புக்கென ஆயுதம் சேர்த்தால், அது தன்னைத் தாக்கவே என அஞ்சி அண்டை நாடும் சேர்க்கிறது. அச்சமே அச்சத்தை வளர்க்கிறது.

இதைத் தீர்க்கத் தூதரகங்கள் இருக்கின்றனவே எனலாம். ஆனால் தூதர் தம் அரசு சொல்லச் சொன்னதையே சொல்ல முடியும். அவர் வாய்தவறிச் சொல்லும் சொல்லும் அரசின் வாக்காகக் கொள்ளப்படும். ஆகவே பதவியில் இல்லாத அறிஞர்களும், ஓய்வுபெற்ற தூதர்களும், படை அதிகாரிகளும் கூடி மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்கள் அயல்நாடுகளில் நடத்தும் அலுவலகங்கள் அத்தகைய இடங்களாகும்.

இதற்கு ஒரு சான்று காண்போம். ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ கார்னகி, 1848இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 செண்ட் கூலிக்கு வேலை செய்த சிறுவர், பின்னாளில் இரும்புத் தொழிலில் பெருஞ்செல்வரானார். போரை ஒழிக்க வேண்டுமென்று 1910இல் அவர் ஒரு கோடி டாலர் அளித்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அடுத்த நான்கே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. ஆயினும் அறக்கட்டளை தன் பணியைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் மாஸ்கோ, பெய்ரூட், பிரஸ்ஸல்ஸ், பீஜிங் ஆகிய நகரங்களிலும், 2016இல் நமது புதுடெல்லியிலும் அது ஆராய்ச்சி மையங்களைத் திறந்தது. அந்தந்த நாட்டு அறிஞர்களும் அங்குப் பணியாற்றுவதே இத்திட்டத்தின் சிறப்பு.

மாஸ்கோ மையத்தின் வரலாறு நமக்குப் பெரிய பாடம். 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது அதன் அணு ஆயுதங்கள் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் என நான்கு நாடுகளில் சிதறிக் கிடந்தன. அக்காலத்தில் தொடங்கப்பட்ட இம்மையத்தில் ரஷ்யரும் அமெரிக்கரும் ஒரே மேசையில் அமர்ந்து விவாதித்தனர். 2006 முதல் 2008 வரை இதன் இயக்குநராக இருந்தவர் ரோஸ் காட்டமோலர் என்ற பெண்மணி. ரஷ்ய மொழி அறிந்த அவரே, பிறகு ரஷ்யாவுடன் அணு ஆயுதக் குறைப்பு குறித்துப் பேசிய அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2010இல் பிராக் நகரில் அவ்வுடன்படிக்கை கையொப்பமானது. பணியில் நிறுத்தப்படும் நெடுந்தூர அணுகுண்டுகள் இரு நாட்டுக்கும் தலா 1550க்கு மேல் கூடாது என அது வரையறுத்தது.

ஆனால் 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அந்த ஏப்ரலில் ரஷ்ய அரசின் ஆணையால் மாஸ்கோ மையம் மூடப்பட்டது. 2023இல் அந்த உடன்படிக்கையில் தன் பங்கேற்பையும் ரஷ்யா நிறுத்தி வைத்தது.

அப்படியானால் இத்தனை ஆண்டுப் பேச்சும் வீண்தானா? மேலும், செல்வந்த நாட்டின் பணத்தில் நடக்கும் அலுவலகம் அந்நாட்டின் நலனையே பேசாதா? இவை நியாயமான கேள்விகளே. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தையே நாம் நம்பலாம். பேச்சு போரைத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் போர் ஓயும் நாளில், எதிர்த்தரப்பின் மொழியும் மனமும் அறிந்தவர்கள் இல்லாவிடில் சமாதானத்தை யார் எழுதுவது? அதனால்தான் 2023இல் பெர்லினில் ரஷ்யா பற்றிய புதிய மையம் ஒன்று திறக்கப்பட்டது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பர் நம் பெரியோர். எரிவது எது என்பதை அருகிருந்து பார்த்தால்தான் தெரியும். தோழியரே, பிற நாட்டு மொழி ஒன்றையேனும் கற்போம். நம்மோடு கருத்து வேறுபடுபவளின் பேச்சையும் முழுதும் கேட்டுப் பழகுவோம். நாளை அத்தகைய மேசைகளில் அமரப்போகிறவர்கள் நம்மிலும் இருக்கலாம் அன்றோ!