வேலியோரத்துச் செங்காந்தள்

ஆகஸ்ட், செப்டம்பர் மழைக்குப் பின் தருமபுரி மாவட்டத்து மலையடிவார வேலிகளைச் சற்றே நோக்குங்கள். முட்புதரின் மேல் தீச்சுடர் போன்று தலைகாட்டுவது, நம் மாநில மலராகிய செங்காந்தள். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, இறுதியில் சிவக்கும் அதன் விந்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; பறிக்க மட்டும் விடாதீர்கள். செடி முழுதும் நஞ்சு. கலப்பை வடிவான அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று மயங்கித் தின்று மாண்டோர் உண்டு. எவரேனும் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். கைவைத்தியத்திற்குரிய நேரமன்று அது.

அந்த நஞ்சாகிய கால்ச்சிசினே, மருத்துவர் அளவறிந்து தரும்போது, கவுட் என்னும் மூட்டுவலிக்கு மருந்தாகிறது. ஆதலால் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்போரும் உளர். தோண்டிய வேலியில் மறு ஆண்டு பூ இல்லை.