கவிழ்த்து வைத்த துரும்பு

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் நாலு பேரும் ஒரு கட்டுக் கடதாசியும் சேர்ந்தால் போதும், முன்னூற்றி நாலு தொடங்கிவிடும். ஊர்காவற்றுறை வாசிகசாலையோ நெடுந்தீவுக் கலியாண வீட்டுக் கொட்டிலோ, இடம் ஒரு பொருட்டில்லை. ஆளை ஒளித்து விளையாடும் ஆட்டங்களில் இன்று உலகறிந்தது 1986இல் மொஸ்கோவில் திமித்ரி டேவிடோவ் உருவாக்கிய மாஃபியா. அதில் வாய் ஓயாமல் பொய் சொல்லவேண்டும். முன்னூற்றி நாலில் தாள் இறக்கத் தொடங்கியபின் சாடைக்குக்கூட வாயைத் திறக்கக்கூடாது. ஒளிந்திருப்பதும் ஆளல்ல, ஒரேயொரு தாள்.

ஏழு தொடங்கி ஆசு வரை 32 தாள். வீரனுக்கு (ஜாக்) 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள்.

முதலில் ஆளுக்கு நாலு தாள்தான் போடுவார்கள். அதை வைத்தே, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கவேண்டும். ஆகக் குறைந்த கேள்வி 160, பாதிக்குச் சற்று மேலே. மீதி நாலு தாளில் என்ன வரும் என்று தெரியாமலே வாக்குக் கொடுக்கிறார்கள். அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு தாளை எடுத்து முன்னால் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் மற்ற இனங்களை வெட்டும் துரும்பு. எதிராளிக்கு மட்டுமா, கூட்டாளிக்கும் அது தெரியாது.

எதிராளி ஆட்டின் (ஹார்ட்ஸ்) வீரனை இறக்குகிறார் என்று வையுங்கள். அடுத்திருக்கும், கேட்டவரின் கூட்டாளியிடம் ஆட்டின் இல்லை. ஏதோ ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுகிறார். மற்ற எதிராளி பத்தைப் போட, கேட்டவர் ராணியைக் கொடுக்கிறார். இப்போது கவிழ்ந்த தாளை எடுத்துப் பார்க்கும் உரிமை கேட்டவருக்கு மட்டுமே. அது கிளாவர் (கிளப்ஸ்) ஏழு, துரும்பும் கிளாவர் என்றால் துரும்பைத் திறந்து காட்டுவார்; ஒன்றுக்கும் உதவாத அந்த ஏழு வீரனை வெட்டி 42 புள்ளியை அள்ளிவிடும். துரும்பு இல்லையென்றால் தாள் கவிழ்ந்தபடியே பிடியோடு, அதாவது அந்தச் சுற்றில் இறங்கிய மற்றத் தாள்களோடு, போய்விடும். போட்டவர் ஊகத்தில் வெட்டினாரா, குப்பையைத் தள்ளினாரா? மற்ற மூவரும் கேட்டவரின் முகத்தைத்தான் படிப்பார்கள். எதிராளி கவிழ்த்துப் போட்ட தாளே துரும்பாக இருந்தாலும் கேட்டவர் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும். தனக்கு எதிரான தீர்ப்பையும் தானே சொல்லும் இந்த ஏற்பாடுதான் ஆட்டத்தின் அழகு என்பேன். இருமியும் காதைச் சொறிந்தும் கூட்டாளிக்குச் சாடை காட்டும் விண்ணர்களும் இருக்கிறார்கள்; அது வேறு கதை.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, நயினாதீவு ஹார்லம் ஆனது. இந்த ஆட்டத்தின் மூலமும் அவர்களோடு வந்திருக்கலாம் என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுவோரின் ஊகம். வலுவான ஊகம்தான்: நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் 32 தாள், துரும்பில் வீரனும் ஒன்பதும்தான் உச்சம், ஆசுக்கு 11, பத்துக்கு 10. கேரளத்து 28 ஆட்டமும் இதற்குச் சொந்தம். ஒல்லாந்தர் 1663இல் கொச்சியைப் பிடித்தவர்கள்.

கைக்குத் திமிர் வந்தால் கம்மாரிசு சொல்லலாம்: எட்டுப் பிடியும் எங்கள் பக்கமே என்று முன்கூட்டியே அறிவிப்பது. ஒன்று தவறினாலும் தோல்விதான். அதன் பிறகு யார் எந்தத் தாளை ஏன் இறக்கினார் என்ற விசாரணை தொடங்கும். அது ஆட்டத்தைவிட நீளும்.