சக்களத்தி மீது ஒரு பாட்டு

தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு, மணலூர்பேட்டைத் தென்பெண்ணையாற்றில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வெளியூராருக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிவது பெரும்பாலும் அந்த ஒரு நாளால்தான். மற்ற நாட்களில் நெல்லும் கரும்புமே இந்த ஆற்றங்கரைச் சீமையின் கவலை. நெல் வயல் இருந்தால் நடவுப் பெண்கள். நடவுப் பெண்கள் இருந்தால் பாட்டு. அந்தப் பாட்டில் காதலும் கேலியும் மட்டுமே உண்டு என்று எண்ணும் பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு சேதி: அதில் வசவும் உண்டு, சாபமும் உண்டு!

வரிசையாகக் குனிந்து நடும்போது முன்பாட்டுக்காரி ஓரடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆசை காட்டி மோசம் செய்தவன், கூலிக் காசை வேறொருத்தி வீட்டில் கொண்டுபோய்க் கொட்டியவன், எல்லோரும் அதில் அகப்படுவார்கள். சக்களத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயர் மட்டும் வராது. அவள் கட்டிய சேலையும், குடியிருக்கும் தெருவும், நடக்கிற நடையும் வந்துவிடும். பிறகு பெயர் எதற்கு? விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். பஞ்சாயத்துக்கு இழுத்தாலும், "பாட்டுத்தானே பாடினேன்?" என்று சொல்லிவிடலாம். கத்தியும் இல்லை, தடியும் இல்லை. ஆனால் பழி தீர்ந்துவிடும்.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன் என்று கேட்கலாம். வேறு வழி இல்லாமைதான். சென்னை மாகாணத்தில் 1949-ல் இருதார தடைச் சட்டம் வரும் வரையில், இந்து ஆண் ஒருவன் முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது தாலி கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955-ல்தான் வந்தது. அதற்கு முன்பு வீட்டுக்கு இன்னொருத்தி வந்தால் மூத்தவள் எந்தக் கச்சேரிப் படியில் ஏறுவாள்? வயல்தான் கச்சேரி. சட்டம் வந்ததும் சக்களத்தி மறைந்தாளா என்றால், அதுவும் இல்லை; 'சின்ன வீடு' என்று பெயர் மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இன்னொரு மேடை சாவு வீடு. அழுகிற பெண்ணின் வாயை யாரும் அடைக்க மாட்டார்கள். ஆகவே இறந்தவரைப் புகழ்ந்து தொடங்கும் ஒப்பாரி, நடுவிலே மாமியாரிடம் தாவும், கொழுந்தனிடம் தாவும், தாய் வீட்டில் நுழையவிடாத அண்ணியிடம் போய் நிற்கும். பல வருஷத்து வயிற்றெரிச்சல் ஒரே பகலில் வெளியேறும்.

பழி வாங்கிய பெண்ணைத் தமிழ்நாடு மறந்ததில்லை. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் திரௌபதி விரித்த கூந்தலை, படுகளத்தில்தான் முடிகிறாள். ஆனால் வழக்கமாக அந்த வேஷம் கட்டிப் பாடுகிறவர் ஆண். பழையனூர் நீலியின் கதி அதைவிட மோசம். கணவன் கையால் கொலையுண்டு, பேயாய் வந்து அவனைப் பழி தீர்த்தவள் அவள். அவளை நாம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம்? 'நீலிக் கண்ணீர்' என்று பொய்யழுகைக்குப் பெயரிட்டு! கொன்றவனுக்கு அப்படி ஒரு பழமொழி கிடையாது.

இந்தப் பாடல்களை ஏட்டில் ஏற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டியவற்றை கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 'மலையருவி' 1958-ல் வெளிவந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-ல் வந்தது. இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கையில் காகிதத்துடன் வரப்பில் வந்து நிற்கும் ஆண்பிள்ளையிடம், புருஷனை ஏசும் பாட்டை எவள் முழுசாகப் பாடுவாள்? தாலாட்டைப் பாடி அனுப்பியிருப்பாள்.

இன்று நடவு இயந்திரம் வந்துவிட்டது. கையால் நடும் இடத்திலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த குழு, பொழுது சாய்வதற்குள் அடுத்த வயலுக்கு ஓடவேண்டும். பாட்டுக்கு ஏது மூச்சு? வரப்பில் வைத்த செல்போனில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஒப்பாரிக்கோ கூலிக்குப் பாடும் குழுவும் மைக் செட்டும் வந்துவிட்டன. குரல் நாலு தெருவுக்குக் கேட்கிறது. ஆனால் கூலிக்கு வந்தவர்களுக்கு அந்த வீட்டு அண்ணி யாரென்று தெரியாது.